நேரம் தவறாத பஸ் விட்ட டி.வி.சுந்தரம் அய்யங்கார்

மதுரைச் சீமையில் ஒரு காலத்தில் கடிகாரம் உள்ள வீடுகள் மிகக் குறைவு. ஆனாலும், ரோட்டு ஓரக் கிராமங்களில் நேரம் தெரியாமல் யாரும் திண்டாடியது இல்லை. டி.வி.எஸ். பஸ் வந்து நின்றால், மணி என்ன என்று ஊருக்கே தெரிந்துவிடும். பஸ்சைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தி வைத்தவர்களும் உண்டு என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

அந்த பஸ்களை விட்டவர், டி.வி.சுந்தரம் அய்யங்கார். டி.வி.எஸ். என்ற மூன்று எழுத்து அவருடைய பெயரில் இருந்து வந்ததுதான். மதுரையில் தொழில் தொடங்கிய அவருடைய பெயர், இன்று சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், பாடிப் பக்கத்துத் தொழிற்சாலைகள் வரை பரவி இருக்கிறது. பாடிக்கு அந்தப் பெயர் வந்து சேர்ந்தபோது அவர் உயிரோடு இல்லை. ஆனால், அங்கே செய்யப்பட்ட பிரேக்கும் திருகாணியும் அவர் போட்டுக் கொடுத்த வழியில் வந்தவையே.

மலை அடிவாரத்தில் பிறந்தார்

திருநெல்வேலிச் சீமையில், மேற்கு மலைத் தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது திருக்குறுங்குடி. 108 வைணவத் திருப்பதிகளில் ஒன்று. அங்கே உள்ள நம்பி கோவில் பெயர் பெற்றது.

அந்த ஊரில் 1877-ம் ஆண்டு மார்ச் மாதம் 22-ந் தேதி சுந்தரம் அய்யங்கார் பிறந்தார். பெயருக்கு முன்னால் உள்ள முதல் எழுத்தே ஊரின் பெயரைக் குறிப்பதுதான்.

மகன் வக்கீல் ஆக வேண்டும் என்பது தகப்பனாரின் ஆசை. அந்தக் காலத்தில் படித்த குடும்பங்களில் எல்லாம் அதே ஆசைதான். வக்கீல், அல்லது சர்க்கார் உத்தியோகம். இரண்டும் இல்லை என்றால் பிழைக்கத் தெரியாத பிள்ளை என்று பேசுவார்கள்.

சுந்தரம் அய்யங்காரும் முதலில் வக்கீல் தொழிலில்தான் இறங்கினார். மனம் ஒட்டவில்லை. பிறகு ரெயில்வேயில் வேலை பார்த்தார். அதன் பிறகு ஒரு பாங்கியில் வேலை பார்த்தார். மாதம் பிறந்தால் சம்பளம் வரும் வேலைகள் அவை. அவற்றையும் விட்டு விட்டார்!

உறவினர்களும் நண்பர்களும் எவ்வளவு கவலைப்பட்டு இருப்பார்கள் என்பதை நாம் ஊகித்துக் கொள்ளலாம். அவர் இறங்கிய தொழில் அப்படிப்பட்டது. அது, மோட்டார் தொழில்!

மாட்டு வண்டி ரோட்டில் மோட்டார்

1911-ம் ஆண்டில் அவர் தொழிலைத் தொடங்கினார். தென் தமிழ்நாட்டில் முதன்முதலாக பஸ் விட்டவர்களில் அவர் ஒருவர்.

அப்போது தார் ரோடு ஏது? மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் போகும் மண் ரோடுதான். மழை பெய்தால் சேறு. வெயில் அடித்தால் புழுதி. மாட்டின் லாடத்தில் இருந்தும் வண்டிச் சக்கரத்தில் இருந்தும் விழுந்த ஆணிகள் ரோடு எங்கும் கிடக்கும். அவை டயரில் ஏறினால் பஸ் நடு வழியில் நின்று விடும். ஆணிகளைப் பொறுக்கி எடுப்பதற்காக, பெரிய காந்தம் கட்டிய வண்டி ஒன்றை பஸ்களுக்கு முன்னால் ரோட்டில் ஓட விட்டார் என்று ஒரு கதை மதுரைப் பக்கத்தில் இன்றும் வழங்குகிறது.

வண்டி கெட்டுப்போனால் இன்னும் தொல்லை. உதிரிப் பாகங்கள் சீமையில் இருந்து கப்பலில் வர வேண்டும். எழுதிப் போட்டு, சரக்கு வந்து சேர மாதக் கணக்கில் ஆகும். ஒரு திருகாணியின் தலை உடைந்தால் கூட, அடுத்த கடையில் போய் வாங்க முடியாது. பட்டறையில் கடைந்து செய்து கொள்ள வேண்டியதுதான்.

அப்படிப்பட்ட காலத்தில் நேரம் தவறாமல் பஸ் விடுவது என்றால் லேசான காரியமா? டிரைவர் கெட்டிக்காரராக இருந்தால் மட்டும் போதாது. பஸ் வழியில் நிற்காமல் இருக்க வேண்டும். அதற்கு, பஸ் ரோட்டுக்கு வரும் முன்பே பட்டறையில் எல்லாம் சரியாக நடந்திருக்க வேண்டும். கெட்ட பிறகு கழற்றுவது ஒரு வகை. கெடும் முன்பே கழற்றிப் பார்த்து, துடைத்து, எண்ணெய் போட்டு, மறுபடியும் பூட்டுவது இன்னொரு வகை. நேரம் தவறாத பஸ் என்றால், இந்த இரண்டாவது வகை வேலை தினமும் நடந்தாக வேண்டும்.

பஸ்சோடு தொழில் நிற்கவில்லை. லாரிகள் வந்தன. மோட்டார்களை விற்கவும், பழுது பார்க்கவும், உதிரிப் பாகங்கள் விற்கவும் தனித் தனிப் பிரிவுகள் தோன்றின. சுந்தரம் மோட்டார்ஸ், மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், சதர்ன் ரோடுவேஸ் ஆகிய பெயர்கள் தென்னாடு முழுவதும் தெரிந்தன. தேய்ந்த டயருக்கு மேல் புது ரப்பர் ஒட்டும் தொழிற்சாலையும் ஏற்பட்டது. தூக்கி எறிய வேண்டிய டயர்கள் மறுபடியும் ரோட்டில் ஓடின.

கரியில் ஓடிய பஸ்

இரண்டாவது உலகப் போர் வந்தது. பெட்ரோல் ராணுவத்துக்குப் போயிற்று. பொதுமக்களுக்குப் பெட்ரோல் கிடைப்பது குதிரைக் கொம்பு ஆகிவிட்டது. பல பஸ்கள் ஷெட்டிலேயே நின்றன.

சுந்தரம் அய்யங்கார் சும்மா இருக்கவில்லை. கரியில் இருந்து வாயு உண்டாக்கி, அதைக் கொண்டு மோட்டாரை ஓட்டும் கருவியைச் செய்தார். டி.வி.எஸ். காஸ் பிளாண்ட் என்று அதற்குப் பெயர்.

அது எப்படி வேலை செய்தது? பஸ்சின் பின்புறம் பெரிய அண்டா போல ஓர் உருளை இருக்கும். அதில் கரியைக் கொட்டி நெருப்பு மூட்டுவார்கள். காற்றைக் குறைவாக விட்டால் கரி முழுவதும் எரியாது. எரியக்கூடிய ஒரு வாயு உண்டாகும். அதை வடிகட்டி, குளிர வைத்து, என்ஜினுக்குள் அனுப்புவார்கள். வண்டி ஓடும்.

கரி பஸ்சுக்குப் பெட்ரோல் பஸ்சின் வலு கிடையாது. புறப்படும் முன்பு காற்றாடியைச் சுற்றிச் சுற்றி நெருப்பைப் பிடிக்க வைக்க வேண்டும். மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளுவதும் உண்டு. தினமும் சாம்பலை அள்ளிக் கொட்டி, வடிகட்டியைச் சுத்தம் செய்தாக வேண்டும். ஒரு நாள் சோம்பினால் சாம்பல் என்ஜினுக்குள் போய்விடும். ஆனாலும் பஸ் ஓடியது! ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போக வேண்டிய ஏழை எளியவர்களுக்கு அது பெரிய உதவியாக இருந்தது.

மகளின் வாழ்க்கை

தொழிலில் வெற்றி கண்டவருக்கு வீட்டில் ஒரு பெரிய துயரம் வந்தது.

அவருடைய மகள் சவுந்திரம், 1904-ல் பிறந்தவர். அக்கால வழக்கப்படி சிறு வயதிலேயே திருமணம் நடந்தது. மாப்பிள்ளை டாக்டர். அவர் இளம் வயதிலேயே இறந்துவிட்டார். வாழ வேண்டிய பெண் விதவை ஆனார்.

அந்த நாளில், அந்தச் சமூகத்தில், விதவைப் பெண் என்றால் வீட்டின் மூலையில் உட்கார வேண்டியதுதான். சுந்தரம் அய்யங்காரும் அவருடைய மனைவி லட்சுமி அம்மாளும் மகளை மூலையில் உட்கார வைக்கவில்லை. படிக்க அனுப்பினார்கள். சவுந்திரம் டெல்லியில் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து படித்து, 1936-ல் டாக்டர் ஆனார்.

டெல்லியில் காந்தியடிகளின் தொண்டர்களோடு அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. கேரளத்தைச் சேர்ந்த ஜி.ராமச்சந்திரனை மணக்க விரும்பினார். விதவைக்கு மறுமணம், அதிலும் கலப்பு மணம்! மகளைத் துணிந்து படிக்க வைத்த பெற்றோராலும் இதை உடனே ஏற்க முடியவில்லை. எதிர்த்தார்கள்.

காந்தியடிகள் ஒரு வழி சொன்னார். இருவரும் ஓர் ஆண்டு பிரிந்து இருக்க வேண்டும். கடிதப் போக்குவரத்தும் கூடாது. அதன் பிறகும் மனம் மாறாவிட்டால் மணம் செய்து கொள்ளலாம் என்பதே அது. ஓர் ஆண்டு சென்றது. இருவர் மனமும் மாறவில்லை. 1940-ம் ஆண்டு நவம்பர் மாதம் 7-ந் தேதி, காந்தியடிகளின் ஆசியோடு திருமணம் நடந்தது.

இந்தத் தம்பதிகள்தான் 1947-ல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை உண்டாக்கினார்கள். டாக்டர் சவுந்திரம் பின்னாளில் பாராளுமன்ற உறுப்பினராகவும், மத்திய அரசில் கல்வித்துறை துணை மந்திரியாகவும் இருந்தார். தகப்பனார் அன்று துணிந்து திறந்து விட்ட படிப்பு, ஆயிரக்கணக்கான கிராமப் பெண்களுக்கு வைத்தியமாகவும் கல்வியாகவும் போய்ச் சேர்ந்தது.

தானாகவே விலகினார்

தொழில் தொடங்கியவர்கள் கடைசி மூச்சு வரை சாவிக் கொத்தை விடுவது இல்லை. சுந்தரம் அய்யங்கார் அப்படி இல்லை. மகன்கள் தலை எடுத்ததும், பொறுப்பை அவர்களிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக் கொண்டார். ராஜம், சந்தானம், சீனிவாசன், கிருஷ்ணா ஆகிய மகன்கள் ஆளுக்கு ஒரு பக்கமாகத் தொழிலைத் தாங்கினார்கள்.

கடைசிக் காலத்தில் அவர் கொடைக்கானலில் வசித்தார். அங்கேயே 1955-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 28-ந் தேதி தூக்கத்திலேயே அவருடைய உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 78.

1972-ல் அரசு பஸ் தொழிலை ஏற்றது. டி.வி.எஸ். ஓடிய வழிகளில், மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தின் பஸ்கள் ஓடின. ஆனால் அதற்கு முன்பே, மகன்கள் வேறு ஒரு வேலையைத் தொடங்கி இருந்தார்கள். சீமையில் இருந்து கப்பலில் வந்த பாகங்களை இங்கேயே செய்யும் வேலை அது!

பாடியில் பிரேக்கும் திருகாணியும்

சென்னைக்கு மேற்கே, அம்பத்தூரை அடுத்துள்ள பாடி அப்போது அமைதியான ஊர். 1960-ம் ஆண்டை ஒட்டி அங்கே தொழிற்சாலைகள் எழும்பத் தொடங்கின. சக்கரம் செய்ய வீல்ஸ் இந்தியா. மோட்டாரின் மின்சாரக் கருவிகள் செய்ய லூகாஸ் டி.வி.எஸ். காற்று பிரேக் செய்ய சுந்தரம் கிளேட்டன். எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் பிரேக்குக்காக, 1962-ல் பிரேக்ஸ் இந்தியா. போல்ட்டும் திருகாணியும் செய்ய சுந்தரம் பாஸனர்ஸ். பாடியில் இன்றும் பஸ் கண்டக்டர்கள் லூகாஸ் என்றே ஒரு நிறுத்தத்தைச் சொல்வார்கள்.

1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. பெரிய ஆலைகளுக்குச் சிறு பாகங்கள் செய்து கொடுக்கும் பட்டறைகள் அங்கே பெருகின. பக்கத்திலேயே மோட்டார் பழுது பார்க்கும் மெக்கானிக் கடைகளும் பெருகின.

முன்பு கார்களில் டிரம் பிரேக்தான் இருந்தது. சக்கரத்தோடு சுற்றும் ஒரு டிரம்மின் உள்ளே, இரண்டு கட்டைகள் விரிந்து அழுத்தி வண்டியை நிறுத்தும். பிறகு டிஸ்க் பிரேக் வந்தது. சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டை, இரு பக்கமும் பேடு என்ற கட்டைகள் இறுக்கிப் பிடிக்கும். இங்கிலாந்தில் பிரெடரிக் லாஞ்செஸ்டர் என்ற என்ஜினீயர் 1902-லேயே இதற்கு உரிமை பெற்றார். ஆனால் அவர் பயன்படுத்திய செம்புக் கட்டைகள் காது கிழியக் கீச்சிட்டன. 1953-ல் பிரான்சு நாட்டின் லே மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் வென்றது. அதன் பிறகுதான் உலகம் அதை ஏற்றது. இன்று பெரும்பாலான கார்களின் முன் சக்கரங்களில் டிஸ்க்தான்.

ஒரு சிறு திருகாணி

இந்த டிஸ்க் தேய்ந்து போனால் மாற்ற வேண்டும். எவ்வளவு வரை தேயலாம் என்ற அளவைப் பல டிஸ்க்குகளிலேயே பொறித்து இருப்பார்கள். மாற்றும்போதுதான் மெக்கானிக்குக்குச் சோதனை வரும். அந்தச் சோதனையின் பெயர், திருகாணி!

பல கார்களில், டிஸ்க்கை ஹப்போடு சேர்த்துப் பிடிக்க ஒன்று அல்லது இரண்டு சிறு திருகாணிகள் இருக்கும். அவற்றுக்குப் பெரிய வேலை கிடையாது. சக்கரத்தை மாட்டும் வரை டிஸ்க் நழுவாமல் பிடித்துக் கொள்வதுதான் வேலை. ஓடும்போது டிஸ்க்கை இறுக்கிப் பிடிப்பவை சக்கரத்தின் போல்ட்டுகளே. ஆனால், மழைத் தண்ணீரும் பிரேக்கின் சூடும் மாறி மாறிப் பட்டு, இந்தச் சிறு திருகாணி துருப்பிடித்து ஒட்டிக் கொள்ளும். பல ஆண்டு யாரும் தொடாமல் விட்டால், அசையவே அசையாது.

அவசரக்காரர் என்ன செய்வார்? கைக்குக் கிடைத்த திருப்புளியை வைத்து முறுக்குவார். கூட்டல் குறி போன்ற பள்ளத்தின் சுவர்கள் சரிவாக இருப்பதால், முறுக்க முறுக்கத் திருப்புளி மேலே ஏறி நழுவும். இரண்டு முறை நழுவினால் பள்ளம் மழுங்கிவிடும். பிறகு எந்தத் திருப்புளியும் பிடிக்காது.

நல்ல மெக்கானிக் இப்படிச் செய்ய மாட்டார். முதலில் வண்டி நகராமல் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பார். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைப்பார். கண்ணாடி போட்டுக் கொள்வார். காலிப்பர் என்ற பிடிப்பானைக் கழற்றியதும் அதை ரப்பர் குழாயில் தொங்க விடாமல் கம்பியால் கட்டி வைப்பார். குழாய் கெட்டால் பிரேக்கே போய்விடும் அல்லவா?

அடுத்தது, திருகாணியின் பள்ளத்தில் உள்ள துருவையும் அழுக்கையும் ஊசி முனையால் சுரண்டி எடுப்பார். துருவை இளக்கும் எண்ணெயைக் கொஞ்சமாக விட்டு, அரை மணி நேரம் காத்திருப்பார். எண்ணெய் ஊற நேரம் வேண்டும். பிறகு பள்ளத்தில் கச்சிதமாக உட்காரும் திருப்புளியைத் தேர்ந்து எடுப்பார். ஜப்பான் அளவுத் திருகாணியின் பள்ளம் சற்று வேறு மாதிரி இருக்கும். அதற்கு உரிய முனையையே போட வேண்டும்.

அதன் பிறகு இம்பாக்ட் டிரைவர். இது சுத்தியலால் அடித்தால் திரும்பும் திருப்புளி. பின்பக்கம் ஓங்கி அடித்தால், முனை பள்ளத்தில் அழுந்தும். அதே நேரத்தில் கொஞ்சம் திரும்பும். அழுந்துவதால் நழுவாது. அடியின் அதிர்ச்சியில் துருவும் விட்டுக் கொடுக்கும். கழற்றும் பக்கம், அதாவது இடது பக்கம், திரும்பும்படி முதலிலேயே வைத்துக் கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இன்னும் இறுகிவிடும். பெரும்பாலான திருகாணிகள் மூன்று, நான்கு அடிகளில் அசைந்துவிடும்.

அதற்கும் அசையாமல், தலையும் மழுங்கி இருந்தால்? தலையின் ஓரத்தில் உளியை வைத்து, இடது பக்கமாகத் தட்டிப் பார்ப்பார்கள். கடைசி வழி டிரில். திருகாணியின் தண்டை விடச் சற்றே பெரிய முனையால் நடுவில் துளைத்தால், தலை தனியாக வந்துவிடும். டிஸ்க்கும் கழன்று வரும். மிச்சம் நீட்டிக் கொண்டு இருக்கும் தண்டைப் பிளையரால் கவ்வித் திருகி எடுக்கலாம். டிஸ்க்கே ஹப்போடு ஒட்டிக் கொண்டால், அதில் மரை போட்ட துளைகள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். இருந்தால், அவற்றில் போல்ட்டை மாறி மாறித் திருக, டிஸ்க் தானாக வெளியே வரும்.

மாட்டும்போதுதான் முக்கியமான வேலை. ஹப்பின் முகத்தில் உள்ள துருவைத் தேய்த்து எடுக்க வேண்டும். துரு இருந்தால் டிஸ்க் கோணலாக உட்கார்ந்து, பிரேக் மிதிக்கும்போது உதறும். பழைய திருகாணியை விட்டுப் புதியது போட வேண்டும். மரையில் மட்டும், ஒட்டாமல் காக்கும் கிரீஸ் துளி தடவ வேண்டும். அளவோடு இறுக்கினால் போதும். டிஸ்க்கின் முகத்தில் எண்ணெய் பட்டு இருந்தால் சுத்தமாகத் துடைத்தாக வேண்டும். எண்ணெய் பட்ட டிஸ்க் வண்டியை நிறுத்தாது! ஒரு பக்கம் மாற்றினால் மறு பக்கமும் மாற்ற வேண்டும். வண்டியை எடுக்கும் முன்பு, பிரேக் கெட்டியாகும் வரை பெடலை மிதித்துப் பார்க்க வேண்டும்.

பழக்கம் இல்லாதவர்கள் இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். தெரிந்த மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. ஆனால், அவர் அரை மணி நேரம் காத்திருந்தால் சோம்பேறி என்று எண்ணிவிடக் கூடாது. அந்த அரை மணியில்தான் பாதி வேலை நடக்கிறது.

அவர் காட்டிய வழி

சுந்தரம் அய்யங்கார் டிஸ்க் பிரேக் பூட்டிய பஸ்சைப் பார்த்தது இல்லை. பாடித் தொழிற்சாலைகளையும் பார்த்தது இல்லை. ஆனால், கெடும் முன்பே கழற்றிப் பார்க்கும் பழக்கம் அவருடைய காலத்துப் பட்டறைப் பழக்கம். ஆண்டுக்கு ஒரு முறை கழற்றித் துடைத்து, கிரீஸ் தடவிப் பூட்டிய திருகாணி, அடுத்த ஆண்டு மெக்கானிக்கைத் திணற அடிக்காது. பிரேக்கும் வேளைக்கு உதவும்.

சம்பளத்தை விட்டு மண் ரோட்டில் இறங்கினார். பெட்ரோல் இல்லாதபோது கரியில் பஸ் விட்டார். விதவை மகளைப் படிக்க வைத்தார். மகன்கள் வளர்ந்ததும் ஒதுங்கினார். இவை எல்லாம் பெரிய செயல்கள்தான். ஆனால் மதுரைப் பக்கத்துக் கிராமத்து மக்கள் அவரை நினைத்தது, சொன்ன நேரத்துக்கு பஸ் வரும் என்ற ஒன்றுக்காகத்தான். பிள்ளைகளை ஏற்றிக் கொண்டு ரோட்டில் போகும் ஒவ்வொருவரும், மிதித்தால் வண்டி நிற்கும் என்று நம்பித்தான் போகிறோம். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுகிறவர்கள், பட்டறையில் கை கறுக்க உழைக்கும் தொழிலாளிகளே. அவர்களுக்கு மரியாதை உள்ள தொழிலாக அதை ஆக்கியவர்களில் சுந்தரம் அய்யங்கார் முன்னால் நிற்கிறார்.